ஆட்டின் கண்ணில் ஒரு சொட்டு



அழைப்பிதழில் என் தலைப்பை 'செம்மறி, வெள்ளாடுகளில் புருசெல்லோசிஸ் தடுப்பூசி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். சரியான தலைப்புதான். ஆனால் ஆட்டுக் கிடையில் போய் இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "ஆடு வீசிருச்சு" என்றால் தெரியும். சினை ஆடு நாள் நிறைவதற்கு முன்பே செத்த குட்டியைப் போடுவதை அப்படித்தான் சொல்வார்கள். மாட்டுக்குக் கன்று வீச்சு, ஆட்டுக்குக் குட்டி வீச்சு. வீசுவதற்குக் காரணங்கள் பல. கிடா முட்டியிருக்கலாம், ஆகாத செடியைத் தின்றிருக்கலாம், வறட்சியில் வயிறு காய்ந்திருக்கலாம். அந்தக் காரணங்களுள் ஒரே ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அது ஆட்டோடு நிற்பதில்லை, ஆட்டைத் தொட்டவர் வீட்டுக்கும் வருகிறது. ஆகவேதான் இந்த மேடையை அதற்குச் செலவிடுகிறேன்.

எனக்கே அது வந்தது. பணியில் சேர்ந்த இரண்டாவது கோடை. ராமநாதபுரம் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஒரு கிடை போட்டிருந்தார்கள். கிடையின் தலைவரான கீதாரி ஆள் அனுப்பினார். "நாலு மாசச் சினைங்க டாக்டரய்யா. குட்டி பாதி வந்து நிக்குது, ஆடு முக்கி முக்கி ஓஞ்சு போச்சு" என்றார். கையுறை தீர்ந்துபோயிருந்தது. ஆட்டைப் பார்த்தபோது கையுறைக்காகக் காத்திருக்கத் தோன்றவில்லை. வெறுங்கையால்தான் செத்த குட்டியை எடுத்தேன், நஞ்சுக்கொடியையும் எடுத்தேன். கீதாரியின் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே அந்தக் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போய் வரப்போரம் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேரும் ஒரே சோப்பில் கை கழுவினோம்.

மூன்றாவது வாரம் எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. காலையில் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் ஏறும். இரவில் படுக்கை நனைய வியர்க்கும். பத்து நாள் விடும், மறுபடி வரும். இடுப்பில் ஆணி அடித்ததுபோல் வலி. ஒரு மருத்துவமனையில் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். இன்னொன்றில் காசநோயாக இருக்குமோ என்று மார்பைப் படமெடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு, எனக்குப் பாடம் நடத்திய பழைய ஆசிரியர் ஒருவர் பார்க்க வந்தார். முதல் கேள்வியே "ஏம்ப்பா, வீசின ஆட்டைத் தொட்டியா?" என்பதுதான். இரத்தத்தைச் சோதித்தார்கள், நோய் தெரிந்தது. ஆறு வாரம் மாத்திரை, மூன்று வாரம் ஊசி. எழுந்துவிட்டேன்.

தெம்பு வந்ததும் அந்தக் கிடையைத் தேடிப் போனேன். அவர்கள் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். விசாரித்தபோது, மருமகளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் என்றும், சாமி குத்தம் என்று கோவிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்றும் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்குத் தகவல் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்த அந்த ஒரு கேள்வி அவளுக்குக் கிடைக்கவில்லை. இத்தனை ஆண்டு ஊழியத்தில் இதைவிட என்னை உறுத்தும் நினைவு வேறில்லை. இன்று நான் பேசுவது அவளுக்காகவும்தான்.

இந்த நோய்க்கு மால்டா காய்ச்சல் என்று ஒரு பழைய பெயர் உண்டு. சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில் இருக்கும் சிறிய தீவு மால்டா. பிரிட்டிஷ் கப்பற்படைக்கு அது பெரிய தளம். அங்கே வந்து இறங்கும் சிப்பாய்கள் மாதக்கணக்கில் ஒரு காய்ச்சலில் கிடந்தார்கள். 1860களில் ஜெஃப்ரி மார்ஸ்டன் என்ற ராணுவ மருத்துவர் தாமே அந்தக் காய்ச்சலில் விழுந்து எழுந்து, அதைத் தெளிவாக எழுதிவைத்தார். 1887இல் டேவிட் புரூஸ் என்ற இன்னொரு ராணுவ மருத்துவர், இறந்த சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். அவர் பெயரால்தான் அதற்குப் பிற்காலத்தில் புருசெல்லா என்று பெயர் வந்தது. ஆட்டைத் தாக்கும் வகைக்கு மெலிட்டென்சிஸ் என்று பெயர். மெலிட்டா என்பது மால்டாவின் பழம்பெயர்.

கிருமி கிடைத்துவிட்டது. எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் மேலும் 18 ஆண்டு தெரியவில்லை. சாக்கடை என்றார்கள், துறைமுகச் சேறு என்றார்கள், தூசி என்றார்கள், கொசு என்றார்கள். 1904இல் புரூஸ் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு அமைத்தார்கள். அதில் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித் என்ற மால்டா நாட்டு மருத்துவர் இருந்தார். அவர் தொல்லியல் அறிஞரும்கூட. பின்னாளில் தார்ஷியன் கற்கோயில்களை மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தவர் அவரே. 1905 ஜூனில் அவர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். நோயின் சுவடே இல்லாமல், மேய்ந்துகொண்டு, வயிறார உண்டு, மடி நிறையப் பால் வைத்திருந்த ஆடுகள் அவை. அவற்றின் இரத்தம் கிருமியைத் திரளவைத்தது. அதாவது கிருமி அந்த உடலுக்குப் பழக்கமானது. பாலைச் சோதித்தபோது அதில் கிருமியே இருந்தது. தீவின் ஆடுகளில் ஏறக்குறைய பாதிக்குத் தொற்று இருந்தது. பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை வெளியிட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்து மால்டாவின் வாலெட்டா நகரத் தெருவை மனக்கண்ணில் பாருங்கள். விடியற்காலையில் மந்தை தெருவுக்குள் வரும். வாசலில் ஆட்டை நிறுத்தி, வாங்குகிறவர் கண்முன்னே கறந்து கொடுப்பார்கள். மாடி வீடு என்றால் ஆட்டையே படியேற்றிக் கூட்டிப்போவதும் உண்டு. தண்ணீர் கலக்காத பால் என்று தாய்மார் நம்பி வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அந்த ஆடுகளின் புகழ் கடல் தாண்டிப் போயிருந்தது. 1905 ஆகஸ்டில், ஜோஷுவா நிக்கல்சன் என்ற கப்பலில் 65 ஆடுகள் அமெரிக்காவுக்குப் புறப்பட்டன. வழியில் மாலுமிகள் அந்தப் பாலைக் காய்ச்சாமல் குடித்தார்கள். பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். யாரும் திட்டமிடாத ஒரு சோதனை கடல்மேல் நடந்து முடிந்துவிட்டது.

1906இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் தடை செய்யப்பட்டது. அதற்குப் பதில் டப்பாவில் அடைத்த பால் வந்தது. 1905இல் நூற்றுக்கணக்கில் இருந்த நோயாளிகள் 1907இல் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். பாடப்புத்தகங்கள் இந்த வெற்றியோடு கதையை முடித்துவிடும். நான் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். படை தப்பியது, ஊர் தப்பவில்லை. மால்டாவின் ஏழைக்கு ஆட்டுப்பாலை விட்டால் வேறு பால் இல்லை. ஆட்டுக்காரருக்கு ஆட்டை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. கிருமி நீக்கிய பாலை விற்கும் ஏற்பாடு அங்கே 1938இல்தான் வந்தது. ஸம்மித் உண்மையைக் கண்டு சொன்ன நாளிலிருந்து 33 ஆண்டுகள் அந்தத் தீவின் குடும்பங்கள் காய்ச்சலோடு வாழ்ந்தன.

பாலைக் காய்ச்சிக் குடி என்பது நல்ல அறிவுரை. அது பால் குடிப்பவரைக் காக்கும். ஈற்றின்போது ஆட்டோடு படுத்து எழுந்திருக்கும் கீதாரியை அது காக்காது. குட்டியை இழுத்துப் போடும் பெண்ணை, மூச்சுத் திணறும் குட்டியின் மூக்கில் வாய்வைத்து ஊதுகிற மேய்ப்பனை, தோல் உரிக்கிற தொழிலாளியை, கால்நடை மருத்துவரை அது காக்காது. நம் நாட்டில் ஆட்டுப்பால் குடிப்பவர்களைவிட ஆட்டைத் தொடுபவர்கள்தான் அதிகம். அவர்களை ஆட்டிடமிருந்து பிரிக்கவே முடியாது. ஆகவே ஆட்டின் உடம்பிலிருந்து நோயை எடுப்பதுதான் நமக்கு இருக்கும் வழி.

கால்நடை மருத்துவம் பயிலும் இளைஞர்களே, நோய் ஆட்டுக்குள் என்ன செய்கிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆட்டுக்காரப் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே உடம்பில் வெள்ளணுக்கள் இருக்கின்றன. இந்தக் கிருமி அந்த வெள்ளணுவுக்குள்ளேயே புகுந்து குடியிருந்துகொள்ளும். மருந்து அங்கே எளிதில் எட்டாது. ஆடு சினையாகிவிட்டால் கருப்பையை நோக்கி நகரும். ஆடு மாடுகளின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்று ஒருவகைச் சர்க்கரைச் சத்து இருக்கிறது. இந்தக் கிருமிக்கு அது விருந்து என்று 1960களில் பிரிட்டனில் கண்டார்கள். அங்கே கோடி கோடியாய்ப் பெருகி, ஐந்து மாதச் சினையில் கடைசி இரண்டு மாதத்துக்குள் குட்டியை வெளியே தள்ளிவிடும். வீசிய குட்டி, நஞ்சுக்கொடி, ஈற்று நீர் எல்லாம் கிருமி மயம். நாய் இழுத்துக்கொண்டு போகும். மற்ற ஆடுகள் நக்கும், மோந்து பார்க்கும். நிழலும் ஈரமும் இருந்தால் மாதக்கணக்கில் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும்.

இதைவிடக் கெட்ட செய்தி அடுத்த ஈற்றில் இருக்கிறது. ஒருமுறை வீசிய ஆடு மறுமுறை பெரும்பாலும் நல்ல குட்டியாகப் போட்டுவிடும். "போன தடவை என்னமோ ஆச்சு, இப்ப சரியாயிருச்சு" என்று சந்தோஷப்படுவோம். அது சரியாகவில்லை. பாலிலும் ஈற்று நீரிலும் கிருமி போய்க்கொண்டே இருக்கும். வீசாத ஆட்டை யாரும் கழிப்பதில்லை. அதனால் நோய் மந்தைக்குள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகிறது. மருந்து கொடுத்து ஒரு மந்தையைக் குணப்படுத்துவது நடக்கிற காரியமே இல்லை. மனிதருக்குப் போட இன்று பொதுப் பயன்பாட்டில் ஒரு தடுப்பூசியும் கிடையாது. ஆட்டுக்கு இருக்கிறது. கீதாரியின் மருமகளுக்கான காப்பை அவளுடைய ஆட்டுக்குத்தான் போட்டாக வேண்டும்.

தடுப்பு மருந்து கிடைத்த கதை நீண்ட பொறுமையின் கதை. மாட்டுக்கான மருந்து முதலில் வந்தது. 1920களில் அமெரிக்காவில் ஜான் பக் என்பவர் ஒரு மாட்டின் பாலிலிருந்து எடுத்த கிருமி, ஆய்வுக்கூடத்தில் ஏறக்குறைய ஓராண்டு சாதாரண வெப்பத்திலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தால் வீரியம் குறைந்திருந்தது. அதுவே எஸ்-19. இன்றும் நம் கிடேரிக் கன்றுகளுக்குப் போடுவது அதன் வழிவந்த மருந்தைத்தான்.

ஆட்டுக்கான மருந்து கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. சான்ஃபோர்டு எல்பர்கும் அவருடன் உழைத்தவர்களும் மெலிட்டென்சிஸ் கிருமியிலிருந்து ஒரு விசித்திரமான கூட்டத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து இருந்தால்தான் அது வளரும், இல்லாவிட்டால் வளராது. கொல்ல வேண்டிய மருந்தே அதற்குச் சோறாகிவிட்டது. பிறகு அந்தக் கூட்டத்திலிருந்து, மருந்தின் தேவையை உதறிவிட்டுப் பழையபடி வளரத் தொடங்கிய கிருமியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது வளர்ந்தது, ஆனால் பழைய கொடுமை அதற்குத் திரும்பி வரவில்லை. 1957இல் அது தடுப்பு மருந்தாக அறிவிக்கப்பட்டது. ரெவ்-1 என்று பெயர். பழைய நிலைக்குத் திரும்பியது என்ற பொருளில் வைத்த பெயர். ஏறக்குறைய எழுபது ஆண்டாகியும் ஆட்டுக்கு இதைவிட நல்ல மருந்து இன்னும் வரவில்லை.

ஒரு தவணையில் நூறு கோடியிலிருந்து இருநூறு கோடி உயிருள்ள கிருமிகள். தோலுக்கடியில் ஊசியாகவும் போடலாம், கண்ணில் ஒரே சொட்டாகவும் விடலாம். கண்ணில் விடும் முறையைத்தான் நான் விரும்புகிறேன். தோலில் போட்டால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் நெடுநாள் நிற்கும். பின்னால் சோதித்துப் பார்க்கும்போது இது நோயா, ஊசியின் சுவடா என்று பிரித்தறிய முடியாது. மூன்று, நான்கு மாதக் குட்டிக்குக் கண்ணில் விட்டால் அந்தக் குழப்பம் சீக்கிரம் மறைந்துவிடும், காப்பு நிற்கும்.

இந்த மருந்தைப் புகழ்ந்து மட்டும் பேசிவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. இது உயிருள்ள மருந்து. சினை ஆட்டுக்குப் போட்டால் வீசிவிடலாம். ஊசி தவறி மருத்துவரின் விரலில் குத்தினால் அவருக்கு நோய் வரலாம். இந்தக் கிருமி ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காது, வேறு மருந்துதான் கொடுக்க வேண்டும். 2019இல் சீனாவின் லான்சோ நகரத்தில் கால்நடைகளுக்கான புருசெல்லா தடுப்பு மருந்து தயாரிக்கும் ஓர் ஆலையில், காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தினார்கள். கழிவுக் காற்று முழுதாகச் சுத்தமாகாமல் வெளியேறியது. காற்று வீசிய திசையில் இருந்தவர்கள் மூச்சில் கிருமியை இழுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. இந்த மருந்தை வேண்டும் என்று கேட்கிற நானே இதையும் சொல்ல வேண்டும். மறைத்துவிட்டுக் கேட்டால் நாளை ஒரு தவறு நடக்கும்போது ஆட்டுக்காரர் நம்மை நம்பமாட்டார்.

நம்பிக்கை போவது ஒருபுறம். பாதியில் நிறுத்துவதும் அதே அளவு கேடு. கிரேக்க நாட்டில் 1977இல் இளம் பெட்டைகளுக்கு ரெவ்-1 போடத் தொடங்கினார்கள். நோய் குறைந்துகொண்டே வந்தது. ஆட்டிலும் குறைந்தது, மனிதரிலும் குறைந்தது. இனிப் போதும் என்று 1994இல் நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் ஆடுகள் வீசத் தொடங்கின, ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல்காரர்கள் கூடினார்கள். 1998இல் அவசரமாக மறுபடியும், இம்முறை வளர்ந்த ஆடுகளையும் சேர்த்துப் போட வேண்டியதாயிற்று. குறைந்த நோய், ஒழிந்த நோய் ஆகாது. இதை அதிகாரிகளுக்குப் புரியவைப்பதுதான் எங்கள் தொழிலில் மிகக் கடினமான வேலை.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மங்கோலியா. பரந்த புல்வெளி, குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு என ஐந்து வகைக் கால்நடை, மந்தையோடு நகரும் குடும்பங்கள். 1970களின் நடுவிலிருந்து அங்கே கூட்டுப்பண்ணைகள் மூலம் பெரிய அளவில் தடுப்பூசி போட்டார்கள். மனிதரில் நோய், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. 1990க்குப் பிறகு அரசமைப்பு மாறியது. கூட்டுப்பண்ணைகள் கலைந்தன, கால்நடை மருத்துவ அமைப்பும் சிதைந்தது. காஷ்மீர் கம்பளி ரோமத்துக்கு விலை இருந்ததால் வெள்ளாடுகள் மட்டும் பெருகின. நோயும் மளமளவென்று ஏறியது.

மறுபடி தடுப்பூசி போடலாமா, யார் செலவில் என்று கேள்வி வந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் மங்கோலியரும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அது வந்தது. பத்தாண்டுத் தடுப்பூசித் திட்டத்துக்கு 83 லட்சம் டாலர் செலவு. பலன் 2 கோடியே 66 லட்சம் டாலர். போட்ட பணத்துக்கு மூன்று மடங்குக்கு மேல். இந்த அளவுக்கு எந்தக் கால்நடைக்காரரும் கணக்குப் போட்டுவிடுவார். அவர்கள் அடுத்து செய்ததுதான் புதிது. அந்தப் பலன் யார் யாருக்குப் போகிறது என்று பிரித்தார்கள். கால்நடை வளர்ப்போருக்கு ஒரு பங்கு, நோயாளியின் குடும்பத்துக்கு மருத்துவச் செலவும் கூலியும் மிச்சமாவது ஒரு பங்கு, அரசு மருத்துவமனைக்கு மிச்சமாவது ஒரு பங்கு. பலன் பெறுகிறவர்கள் அந்தந்த அளவில் செலவைப் பகிர்ந்துகொண்டால், சுகாதாரத் துறை தரவேண்டியது மொத்தச் செலவில் 11 விழுக்காடு. அந்தச் சிறுபங்குக்கு, நோயால் இழக்கப்போகும் ஓர் ஆண்டு நல்வாழ்வை 19 டாலருக்கு மீட்டுவிடலாம். மலிவான மருத்துவம் என்று உலகம் கொண்டாடுகிறவற்றின் வரிசையில் வைக்கத் தக்க எண் இது.

கால்நடைத் துறை, தன் கணக்கில் ஆட்டின் விலையை மட்டும் பார்த்தால் இந்த ஊசி கட்டுப்படியாகாததுபோல் தோன்றும். சுகாதாரத் துறை, ஆடு தன் வேலையில்லை என்று நினைக்கும். இரண்டு மேசைக்கும் நடுவில் விழுந்து கிடப்பது இந்த நோய். நான் பணியில் இருந்த காலம் முழுவதும் அது அப்படித்தான் கிடந்தது.

நம் நாட்டில் ஒரு நல்ல தொடக்கம் நடந்தது. 2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய், முழுதும் மத்திய அரசின் பணம். கோமாரி, புருசெல்லோசிஸ் இரண்டுக்கும் சேர்த்து. கோமாரிக்கு ஆடும் உண்டு, மாடும் உண்டு, பன்றியும் உண்டு. புருசெல்லோசிஸுக்கு மட்டும் நான்கிலிருந்து எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கே ஊசி. ஆண்டுக்கு 3.6 கோடி கன்றுகள் இலக்கு. அதை நான் மனமார வரவேற்கிறேன். மாட்டுக்கான மருந்து நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது, பால் தொழில் அதை நம்பியிருக்கிறது, அங்கே தொடங்கியது முறைதான்.

ஆனால் மனிதருக்கு அதிகம் வருவதும், வந்தால் அதிகம் வருத்துவதும் ஆட்டிலிருந்து வரும் மெலிட்டென்சிஸ்தான். இது உலகெங்கும் ஒப்புக்கொண்ட உண்மை. 2019 கணக்கெடுப்பில் இந்தியாவில் வெள்ளாடு 14.88 கோடி, செம்மறி 7.42 கோடி. நம் தமிழ்நாட்டில் வெள்ளாடு ஏறக்குறைய 99 லட்சம், செம்மறி 45 லட்சம். இந்த 22 கோடி உயிர்களும் திட்டத்தின் புருசெல்லோசிஸ் ஊசிக்கு வெளியே நிற்கின்றன. மாடு வைத்திருப்பவரைவிட ஏழை ஆடு வைத்திருப்பவர். அதிலும் பெண்கள் அதிகம். காய்ச்சல் வந்தால் கூலி போய்விடும் என்று படுக்காமல் நடப்பவர்கள் அவர்கள்.

நடைமுறையில் முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இடர் ஒன்று உண்டு, ஒப்புக்கொள்கிறேன். குளிர்நாடுகளில் ஆடுகள் ஒரு பருவத்தில்தான் சினையாகும், சினை இல்லாத மாதம் பார்த்து மொத்த மந்தைக்கும் போட்டுவிடலாம். நம் ஆடுகள் ஆண்டு முழுவதும் சினையாகும். எந்த நாளில் கிடைக்குள் போனாலும் நாலு மாதச் சினை நாலு நிற்கும். அன்று ஊசி போட்டு மறுவாரம் ஓர் ஆடு வீசினால், அந்தக் கீதாரி மறுமுறை நம்மைக் கிடைக்குள் விடமாட்டார். விடக்கூடாது என்றுதான் நானும் சொல்வேன்.

அதற்காகத்தான் பெட்டைக்குட்டியில் தொடங்க வேண்டும் என்கிறேன். மூன்று மாதம் நிறைந்து ஆறு மாதத்துக்குள், கிடா சேரும் முன்பு, கண்ணில் ஒரு சொட்டு. கறிக்குப் போகும் கிடாய்க்குட்டிக்குப் போட வேண்டியதில்லை. போட்ட குட்டிக்குக் காதில் வில்லை. ஆண்டுக்கு இரண்டுமுறை அதே கிடைக்குப் போய்ப் புதிய பெட்டைகளுக்கு விட்டுவந்தால், பழைய ஆடுகள் கழியக் கழிய மந்தையே மாறிவிடும். மெதுவான வழிதான். ஆறேழு ஆண்டு ஆகும். நடுவில் நிறுத்தாமல் போக வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட நம் ஆட்கள் ஏற்கெனவே கிடை கிடையாகப் போகிறார்கள். அதே ஆள், அதே குளிர்பெட்டி, அதே பயணம். ஒரு பை கூடுதலாகத் தூக்க வேண்டும், கண்ணுக்கும் கைக்கும் காப்பு போட்டுக்கொள்ள வேண்டும். தவறிப்போய் ஊசியால் ஓர் ஆடு வீசினால், அதன் விலையை அரசு தரும் என்று ஊசிக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதில் பேரம் பேசக்கூடாது.

அதுவரை செய்யவேண்டியவை சில உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டாவது எடுங்கள். ஆழமாகக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், நாய்க்கு எட்டக்கூடாது. வீசிய ஆட்டைத் தனியாகக் கட்டுங்கள், சந்தைக்கு ஓட்டிப் பக்கத்து ஊருக்கு நோயைத் தராதீர்கள். இருமலுக்கு நல்லது என்று பிள்ளைக்கு ஆட்டுப்பாலைப் பச்சையாக ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது, காய்ச்சிக் கொடுத்தால் அதன் சத்து எங்கும் போய்விடாது. இங்கே வந்திருக்கும் மனித மருத்துவர்களுக்கு ஒரே வேண்டுகோள். மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல் என்று ஒருவர் வந்தால், வீட்டில் ஆடு இருக்கிறதா, அண்மையில் எதுவும் வீசியதா என்று கேளுங்கள். ரோஸ் பெங்கால் சோதனைக்கு ஒரு சொட்டு இரத்தநீரும் நான்கு நிமிடமும் போதும்.

இந்த அவையில் கால்நடைத் துறை உயர் அலுவலர்களும் பொதுச் சுகாதாரத் துறை அலுவலர்களும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். இப்படி நீங்கள் சேர்ந்து உட்காருவது அரிது. ஆகவே இருவரையும் சேர்த்தே கேட்கிறேன். ஆட்டையும் அந்தத் திட்டத்தின் புருசெல்லோசிஸ் ஊசியில் சேர்க்கச் சொல்லி தில்லிக்கு எழுதுங்கள், இரண்டு துறையும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு எழுதுங்கள். செலவில் ஒரு பங்கை மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்கட்டும். பதில் வரும்வரை காத்திருக்காமல் முறையான அனுமதியோடும் பாதுகாப்போடும் ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பாருங்கள். ராமநாதபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் நிறைந்த பெட்டைக்குட்டிகளை எண்ணி வையுங்கள். குட்டியைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன்.